நெஞ்சால் இழுத்த மோட்டார் சைக்கிள்

ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிள் ஒன்றை, என் நெஞ்சுக்குள்ளிருந்து வெளியே வந்த குழாயால் இழுத்து நிறுத்தி, அதில் உட்கார்ந்திருந்த ஏழு பேரையும் பிரிக்பீல்ட்ஸ் தார்ச்சாலையில் போட்டுத் தேய்த்தவன் நான். குழாய் எவ்வளவு தடிமன் என்று கேட்பீர்கள். மீஹூன் என்கிற அரிசிச் சேமியாவைவிடக் கொஞ்சம் தடிப்பு. அப்போது என் வயது அறுபத்தெட்டு. கல்லீரலில் நான்கு கட்டிகள். ஒரே மோட்டார் சைக்கிளில் ஏழு பேர் எப்படி என்று சந்தேகப்படுகிறவர்கள், காலையில் கிள்ளானில் ஏதாவது ஒரு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று பார்க்கட்டும்.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கிறவர்களை நம்பாதவர்கள் கணக்கில் நான் சேர்ப்பதில்லை. என் கடையில் சிரித்தவர்கள்தான் அதிகமாகச் சேலை வாங்கியிருக்கிறார்கள். சிரிக்காமல் மறுத்தவர் ஒரே ஒருவர், என் சிநேகிதர் கனகசபை.

"அப்படி ஒண்டும் நடக்கேல்லை. பாய் கால் வழுக்கி விழுந்தவர்."

இத்தனைக்கும் அது நடந்த சந்தில் என்னைத் தவிர நின்ற ஒரே மனிதர் அவர்தான்.

முதலில் கல்லீரல் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் நஜ்முதீன். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் நாற்பது வருஷம் துணி கிழித்துவிட்டு, கடையை மகன் அன்சாரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தவன். உட்கார்ந்த மறு வருஷம் பெருங்குடலில் புற்று. அதை வெட்டி எறிந்தார்கள். எறிந்ததற்குக் கோபப்பட்டு அது கல்லீரலில் போய்க் குடியேறிவிட்டது. திரையில் காட்டினார்கள்: சாம்பல் நிறக் கல்லீரலில் நான்கு கரும்புள்ளிகள். மருந்து ஏற்றி அவற்றைச் சுருக்க வேண்டும். சுருங்கினால் டாக்டர் சுதர்சினி கல்லீரலில் பாதிக்கு மேல் வெட்டி எடுப்பார். மிச்சமிருப்பது தானாக வளர்ந்து இடத்தை நிரப்பிக்கொள்ளும். சுருங்காவிட்டால் கத்தி கிடையாது. கத்தி கிடையாது என்றால் நானும் அதிக காலம் கிடையாது. அவ்வளவுதான் விஷயம்.

அந்த மருந்து ஒரு ரவுடி. வீட்டுக்குள் புகுந்து திருடனை அடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி, கதவு, சட்டிபானை எல்லாவற்றையும் உடைக்கிற ரவுடி. குளிர்ந்த தண்ணீர் டம்ளரைத் தொட்டால் விரலில் கரண்ட் அடித்தது. விரல் நுனிகள் மரத்துப்போய், ஜுப்பாவின் பொத்தானை ஜெய்னம்புதான் போட்டுவிட்டாள். அவள் வைத்த பிரியாணி இரும்புத் துருவைக் கிண்டி இறக்கியதுபோல் ருசித்தது. அதை அவளிடம் சொல்லிவிட்டு நான் பட்டது தனிக் கதை.

அந்த மருந்துகளில் ஒன்றை மட்டும் இரண்டு நாள் மெதுவாக ஏற்ற வேண்டும். அதற்காக ஒரு பிளாஸ்டிக் குப்பியை மாட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். குழந்தையின் பால் போத்தல் அளவு, உள்ளே ஒரு பலூன். பலூன் சுருங்கச் சுருங்க மருந்து குழாய் வழியாக ஏறும். என் வலது மார்பில் தோலுக்கடியில் பொத்தான்போல ஒன்றைப் புதைத்திருந்தார்கள். அதில் குத்தியிருக்கும் ஊசியில்தான் குழாய் முடியும். ஊசிக்கு அப்பால் நேராக இதயத்துப் பக்கத்துப் பெரிய இரத்தக்குழாய்.

"அங்கிள், யாரும் இழுக்காம பாத்துக்கங்க லா," என்பாள் தாதி ஒவ்வொரு தடவையும். "ஊசி கழண்டா மருந்து சதைக்குள்ள இறங்கிடும்."

குப்பியைப் போட்டுக்கொள்ள ஊதா நிறத்தில் ஒரு துணிப்பை கொடுத்தார்கள். கழுத்தில் மாட்டினால் பாலர் பள்ளிக்குப் போகிற பிள்ளைபோல் இருந்தது. நானா அதை மாட்டுவேன்? எங்கள் ஆட்கள் கைலிக்கு மேல் கட்டுகிற அகலமான பச்சைப் பெல்ட் என்னிடம் இருந்தது. கடைப் பணத்தை பேங்குக்குக் கொண்டுபோன தோல் பையும் இருந்தது. குப்பியைத் தோல் பையில் போட்டு, பையின் வாரைப் பெல்ட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தேன். குழாயை ஜுப்பாவுக்குள் விட்டேன். கண்ணாடியில் பார்த்தால் பழைய முதலாளி நஜ்முதீன் நின்றார்.

"என்னங்க, இது அப்படியே காசுப் பை மாதிரில்ல இருக்கு," என்றாள் ஜெய்னம்பு.

"மருந்து மாதிரி இருந்தா பாக்குறவன் பாவப்படுவான். காசு மாதிரி இருந்தா மரியாதை குடுப்பான்."

"மரியாதை குடுப்பானோ, மண்டையில குடுப்பானோ."

அன்று மருந்தின் கடைசிச் சுற்று. குப்பியை மாட்டிக்கொண்டு மருத்துவமனையிலிருந்து நேராக கனகசபை வீட்டுக்குப் போனேன். இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர், பிரிக்பீல்ட்ஸில் பிறந்து பிரிக்பீல்ட்ஸிலேயே கிழவரானவர். அரசாங்கத் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். முதன்முதலில் கோவில் திருவிழாவுக்கு வேட்டி வாங்க என் கடைக்கு வந்தபோது, சொந்தமாக அளவு நாடா கொண்டுவந்து கரையை அளந்து பார்த்த மனிதர். அன்றிலிருந்து நாங்கள் நண்பர்கள். நான் பத்து சொன்னால் அவர் எட்டைக் கழிப்பார். இப்போது அவர் பேட்டையின் ருக்குன் தெத்தாங்கா தலைவர். அக்கம்பக்கத்தைக் காவல் காக்கிற அந்தக் குழுவுக்குச் செம்மஞ்சள் அங்கி, டார்ச் லைட், கழுத்தில் விசில் எல்லாம் உண்டு. கூட்டம் போட்டுச் சொல்லுவார்: "பை பறிக்க வந்தால் பையை விட்டிடுங்கோ. உயிர்தான் முக்கியம். விசில் ஊதுறதை நாங்கள் பாத்துக்கொள்ளுவம்."

தேநீர் குடித்துவிட்டு என்னை ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தார். வெயில் கொளுத்துகிற மத்தியானம். கடைகளுக்குப் பின்னாலிருந்த சந்தில் ஒரு லோரி நின்றது, வேறு ஆள் நடமாட்டம் இல்லை.

முதலில் மோட்டார் சைக்கிள் சத்தம் வந்தது, பிறகு கை. பின்னால் உட்கார்ந்திருந்தவன் என் தோல் பையைப் பிடித்து இழுக்க, ஓட்டினவன் ஆக்ஸிலேட்டரை முறுக்கினான். பை பெல்ட்டோடு, பெல்ட் என்னோடு. நான் குப்புற விழுந்தேன். விழுந்தும் நிற்கவில்லை, வண்டியோடு போனேன். முழங்கால் தோல் சாலையில் தங்கிவிட்டது. முழங்கை எலும்பு தாரில் உரசுகிற சத்தம் என் காதுக்கே கேட்டது, கரண்டியால் அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டுகிற மாதிரி.

"விடும் பாய்! பையை விடும்! காசு போனால் போகட்டும்!" கனகசபையின் குரல்.

"காசு இல்லைய்யா! மருந்துய்யா! நெஞ்சுல மாட்டியிருக்கு!"

அந்தத் திருடனுக்கும் விட முடியவில்லை. நான் முடிந்த வார் அவன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டுவிட்டது. நான் ஒரு கையால் ஜுப்பாவுக்கு மேல் குழாயைப் பொத்திக்கொண்டு, நெஞ்சைத் தரையில் பதித்து, உடம்பு முழுவதையும் பின்னால் தள்ளினேன். குழாய் ஒரு தடவை விண்ணென்று இழுபட்டது. தோலுக்கடியில் இருந்த பொத்தான் பெயர்ந்து வெளியே வரப் போகிறது என்று நினைத்தேன். வண்டிதான் வந்தது. முன்சக்கரம் திரும்பி, லோங்காங் சுவரில் இடித்து, ஓட்டினவன் தலைகீழாக அந்தச் சாக்கடைக்குள் போனான். பின்னால் இருந்தவன் என்மேல் விழுந்தான்.

விழுந்தவன் கத்தியை எடுத்துப் பெல்ட்டை அறுத்தான். அது என் வாப்பா காலத்துத் தோல். பெல்ட் அறுபடவில்லை, என் முன்கை திறந்துகொண்டது. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்து, பிறகு இரத்தம் வந்து மூடியது. சரி போகட்டும் என்றிருப்பேன். ஆனால் அவன் என் கழுத்துப் பக்கம் குழாயைப் பார்த்துவிட்டான். சங்கிலி என்று நினைத்தானோ என்னவோ, கை போட்டான்.

அதுவரைக்கும் பயந்துகொண்டிருந்தேன். அந்த விரல் குழாயில் பட்டதும் பயம் போய்விட்டது. மாதக்கணக்காக வாந்தி எடுத்து, நாக்கு வெந்து, விரல் செத்து நான் சேர்த்து வைத்தது எல்லாம் அந்தக் குழாயின் மறுமுனையில் இருக்கிறது. அதையா பிடுங்கப் பார்க்கிறாய்? மரத்துப்போன கையால் அவனைத் தள்ள முடியாது. பல் மரத்துப்போகவில்லை. அவன் கட்டைவிரலை அடிவரைக்கும் வாயில் வாங்கிக் கடித்தேன். எலும்பு தட்டுப்பட்டது. எலும்பையும் விடவில்லை. அவன் போட்ட கூச்சல் ஷா ஆலம் வரைக்கும் கேட்டிருக்கும். வாய் நிறைய இரத்தம். உண்மையைச் சொல்கிறேன், மருந்து ஏற ஆரம்பித்ததிலிருந்து எனக்குச் சரியான ருசியில் கிடைத்த முதல் சாப்பாடு அதுதான். இரும்பு, இரும்பாகவே ருசித்தது.

சாக்கடையிலிருந்து ஏறி வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றி என் முதுகில் அடித்தான். பிறகு உதைத்தான். இடது பக்கம் எவ்வளவு காலியாகக் கிடக்கிறது! இல்லை, வலது பக்கமே, விலாவுக்குக் கீழே, கல்லீரலைப் பார்த்து உதைத்தான். ஒவ்வொரு உதைக்கும் அந்த நான்கு கட்டிகளும் கைதட்டின. தரையில் உடைந்து கிடந்த சைடு கண்ணாடி கையில் அகப்பட்டது. அதன் இரும்புக் காம்பைப் பிடித்து அவன் முழங்கால் சில்லில் ஒன்று விட்டேன். அவன் குனிந்தான். குனிந்த முகத்தில் இன்னொன்று. ஒரு பல் பறந்து வந்து என் ஜுப்பாவில் ஒட்டியது. மூன்றாவது அடியை நான் கொடுத்திருக்க வேண்டியதில்லை. கொடுத்தேன். மூக்கு ஒரு பக்கமாகப் போய்ப் படுத்துக்கொண்டது.

வார் எப்போது அவிழ்ந்தது என்று தெரியாது. கட்டைவிரல்காரன் கையைக் கட்கத்தில் இடுக்கிக்கொண்டு அழுதான், சின்னப் பிள்ளைபோல. மூக்குப் போனவன் அவனை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு கோணல் சக்கரத்தோடு போனான். மீதி ஐந்து பேர் எங்கே என்று கேட்காதீர்கள். அவர்கள் பயந்து முன்பே ஓடிவிட்டார்கள்.

கன்னத்தைத் தாரில் வைத்துக் கிடந்தபடி கனகசபையைத் தேடினேன். லோரிக்குக் கீழே தெரிந்தார். குப்புறப் படுத்து, கண்ணை அகலத் திறந்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விசில் வாயில் இருந்தது. காற்று வரவில்லை.

அவர்தான் என்னை வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் என் கையைத் தன் சட்டையால் அழுத்திப் பிடித்திருந்தார். அவசரப் பிரிவில், என்ன நடந்தது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "விழுந்தவர்," என்றார் கனகசபை. கையில் வெட்டு? "லோங்காங் மூடித் தகரம்." அப்படியே எழுதிக்கொண்டார்கள். விழுந்தவர் என்பது பொய்யும் இல்லை. நான் விழுந்துதான் கிடந்தேன். தகரம்தான் அவருடைய வாழ்நாளின் முதல் பொய்.

ஊசி பாதி கழன்றிருந்தது, பொத்தான் அசையவில்லை. புது ஊசி குத்தி மிச்ச மருந்தை ஏற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

தையல் காய்வதற்குள் நான் கதையை ஊரெல்லாம் கொண்டுபோய்விட்டேன். கிள்ளானில் சொன்னேன், பூச்சோங்கில் சம்பந்தி வீட்டில் சொன்னேன், போலீஸிலும் சொன்னேன். எல்லா இடத்திலும் ஏழு பேர்தான். சிநேகிதனைக் காட்டிக்கொடுக்க மனசு வருமா? அதனால் கனகசபைக்கும் ஒரு நல்ல பங்கு கொடுத்தேன். அவர் லோரியின் மேல் ஏறி நின்று, விசிலை ஊதியபடியே, ஒருவன் தலையில் குதித்தார். கேட்டவர்கள் பிரிக்பீல்ட்ஸுக்குப் போன் போட்டு அவர் மனைவி பூரணத்தைப் பாராட்டினார்கள். பூரணம் அக்கா பெருமைப்பட்டு வடை சுட்டாராம்.

கனகசபை என்னைப் போனில் கூப்பிட்டார்.

"பாய், நான் குதிச்சனானோ?"

"குதிச்சீங்கய்யா. அழகாக் குதிச்சீங்க."

"அப்படியெண்டால், ஒண்டுமே நடக்கேல்லை," என்று வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து கேட்கிறவர்களிடமெல்லாம் அதே வார்த்தை: பாய் கால் வழுக்கி விழுந்தவர். என் பொய்யை ஏற்றுக்கொள்ளவும் அவரால் முடியாது, லோரிக்குக் கீழே கிடந்ததைச் சொல்லவும் வாய் வராது. பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் மட்டமான ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே உட்கார்ந்துகொண்டார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது, டாக்டர் சுதர்சினியின் அறைக்குள் போகிற வரைக்கும்.

நல்ல செய்தியோடுதான் ஆரம்பித்தார். கட்டிகள் பாதியாகச் சுருங்கியிருந்தன. வரும் வியாழக்கிழமை வெட்டலாம். விரலால் திரையில் கோடு போட்டுக் காட்டினார், இறைச்சிக் கடையில் தொடையை எங்கே பிரிப்பது என்று காட்டுகிற மாதிரி. எனக்குச் சந்தோஷத்தில் ஒரு பாட்டுப் பாடலாம்போல இருந்தது. அப்போது அவசரப் பிரிவின் பழைய பதிவைப் படித்தார்.

"அங்கிள், மருந்து போய்க்கிட்டு இருக்கும்போது விழுந்தீங்களா? மயக்கமா?"

"மயக்கமா? ஏழு பேரு டாக்டர்..."

முழுவதையும் சொன்னேன். கைகால் ஆட்டிச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அங்கிள், இது விளையாட்டு இல்ல. இந்த மருந்து சில பேருக்கு இதயத்து இரத்தக்குழாயை இறுக்கிப் பிடிச்சிடும். அப்படி மயங்கி விழுந்த ஆளை மேசையில படுக்க வெச்சு நான் கல்லீரலை வெட்டினா, மேசையிலேயே போயிடுவாரு. ஹார்ட் முழுசாப் பாக்கணும். வியாழக்கிழமை வேற ஆளுக்குப் போயிடும். அடுத்த இடம் எப்பக் கிடைக்கும்னு தெரியாது. அதுக்குள்ள மருந்து நின்னு போன கட்டி சும்மா இருக்குமா, அதையும் நான் சொல்ல முடியாது."

ஜெய்னம்பு என் கையைப் பிடித்தாள். மரத்த விரல்களிலும் அந்தப் பிடி தெரிந்தது.

நான் தள்ளுபடி கொடுக்க ஆரம்பித்தேன். "சரி டாக்டர், ஏழு இல்ல, நாலு பேரு." அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நாலு கூட இல்ல. ரெண்டு. அல்லாஹ் மேல ஆணையா ரெண்டே ரெண்டு பேரு." குறைக்கக் குறைக்க அவர் முகத்தில் இரக்கம் கூடிக்கொண்டே போனது. நாற்பது வருஷ வியாபாரத்தில் விலையைக் குறைத்து நான் தோற்றது அன்றைக்குத்தான்.

"டாக்டர்," என்றாள் ஜெய்னம்பு, அழுதுகொண்டே. "இவரு பாலியஸ்டரப் பட்டுன்னு வித்தவரு. நான் இல்லைங்கல. ஆனா இவரு மயங்கி விழுற ஆளு இல்ல."

"நீங்க பாத்தீங்களா, ஆன்டி?"

"நான் கிள்ளான்ல இருந்தேன்."

"வேற யாராவது பாத்தாங்களா?"

கனகசபை வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு டாக்டர் சந்திப்பு என்றால் அவர்தான் எங்களைக் காரில் கொண்டுவருவார். ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே கொண்டுவருவார். ஜெய்னம்பு போய்க் கூப்பிட்டாள்.

அவரைப் பார்த்ததும் சுதர்சினி எழுந்து நின்றுவிட்டார். "கனகசபை அங்கிளோ! அப்பா உங்களுக்குக் கீழதான் வேலை செய்தவர். கனகசபை ஓம் எண்டால்தான் ஓம் எண்டு வீட்டில இண்டைக்கும் சொல்லுவார்."

கனகசபைக்கு உண்மையைச் சொல்ல இதைவிட மோசமான இடம் வாய்க்காது. இங்கே சொல்வது இந்த அறையோடு போகாது. இரவுச் சாப்பாட்டுக்குள் அந்த அப்பாவுக்குத் தெரியும், வெள்ளிக்கிழமைக்குள் கோவில் முழுக்கத் தெரியும்.

"அங்கிள், இவர் அண்டைக்கு மயங்கி விழுந்தவரோ? வழுக்கினவரோ? இல்லாட்டி இவர் சொல்லுற மாதிரியோ? வியாழக்கிழமை நான் வெட்டுறதோ இல்லையோ எண்டு இதிலதான் இருக்குது."

கனகசபை என்னைப் பார்த்தார். எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்து அவரைத் தப்பிக்க விடலாம் என்று வாயைத் திறந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, சரக்கு இல்லாத கடைபோலத் திறந்த வாயோடு உட்கார்ந்திருந்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"மயங்கேல்லை," என்றார். "வழுக்கவும் இல்லை. லோங்காங் தகரம் எண்டது நான் சொன்ன பொய். கத்தி வெட்டு அது. ரெண்டு பேர் வந்தவங்கள்."

"நீங்கள் பக்கத்தில நிண்டனீங்களோ?"

"நிக்கேல்லை, பிள்ளை. லோரிக்குக் கீழ படுத்திருந்தனான். அவங்கள் இவரை உதைக்கேக்கயும் அங்கதான் கிடந்தனான். மயங்காமல் இருந்தது அவர். எனக்குத்தான் கொஞ்ச நேரம் ஒண்டும் தெரியேல்லை."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. சுதர்சினி பதிவில் இருந்த ஒரு வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார். "ஒரு ஈசிஜி மட்டும் எடுத்துப் பாப்பம். சரியாயிருந்தா வியாழக்கிழமை வெறும் வயித்தோட வாங்க, அங்கிள்," என்றார் என்னிடம். ஜெய்னம்பு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிறகு பேனாவை மூடியபடி, டாக்டர் என்பதை மறந்த குரலில் கனகசபையிடம் கேட்டார்: "அங்கிள், அந்த மோட்டார் சைக்கிள்? நெஞ்சால இழுத்து விழுத்தினது எண்டு சொல்லுறாரே?"

கனகசபை நெடுநேரம் மேசையைப் பார்த்தார். தணிக்கைக்காரர் அல்லவா, கழிக்க ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்.

"ஓம்," என்றார். "அது நடந்தது."